கதிரை முதுகில் எழுதிய பெயர்

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை தா என்று செயலாளர் மூன்றாவது தடவையும் தொலைபேசி எடுத்துவிட்டார். விளையாட்டுப் போட்டியையும் விடுதிக் கூத்துகளையும் மற்றவர்கள் எழுதுவார்கள், அதனால் நான் ஒரு பழைய பிழையை எழுதுகிறேன். 1980இல் எங்கள் உயர்தர மாணவர் மன்றத் தலைவர் தேர்தலில் வெல்லப்போகிறவன் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவனை விவாத மேடைக்குப் போகவிடாமல் மறித்தது நான்தான்.

உண்மையில் அந்த வருடம் போட்டி என்று ஒன்று இருக்கவில்லை. எங்கள் ஆள் கணிதப் பிரிவு, நல்ல பேச்சாளன், துடுப்பாட்ட அணியிலும் இருந்தான், இதற்கு மேல் என்ன வேண்டும். எதிரில் நின்றவன் கலைப்பிரிவு. தலைவரைத் தேர்தல் வைத்துத் தெரிவு செய்யக்கூடாது, திருவுளச்சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும், இதுதான் அவனுடைய ஒரே கொள்கை. தேர்தலே கூடாது என்பவன் தேர்தலில் நின்றான்! கேட்டால் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்குப் போய்விடுவான். பராந்தக சோழன் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுப்பித்துத்தான் ஊர் வாரியத்துக்கு ஆள் தெரிவு செய்தார்கள், அவர்களைவிட நாங்கள் பெரிய ஆட்களா என்பான். குடவோலை என்றே பட்டம் வைத்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலை அறிவித்தற் பலகையில் ஒரு கொப்பித் தாள் குத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டபிறகு மண்டபத்தில் விவாதம், மற்ற வேட்பாளர் வருவாரா என்று கேட்டிருந்தான். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: சந்தா எல்லாரிடமும் வாங்குகிறீர்கள், பதவி மட்டும் ஏன் வருடா வருடம் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே போகிறது? நான் மேல் வரியைத்தான் வாசித்தேன். கீழ் வரி கண்ணில் பட்டது, மூளைக்குப் போகவில்லை.

"மச்சான், நீ அவனோட மேடையில ஏறினா அவனும் உன்னளவு ஆளாயிடுவான். இப்ப அவனை ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

"கேள்வி ஒண்டு கேட்டிருக்கிறானேடா."

"கேக்கட்டும். பதில் சொன்னாத்தானே அது கேள்வி."

பதினெட்டு வயதில் இப்படியொரு வசனம் வாயில் வந்தால் அதை உண்மை என்றே நம்பிவிடுவோம்.

எனக்கு ஆதாரமும் இருந்தது. எங்கள் ஆங்கில ஆசிரியர் வானொலிச் செய்தி கேட்டுவிட்டு வந்து வகுப்பில் அலசுகிறவர். அந்தச் செப்டெம்பரில் அமெரிக்கத் தேர்தல் சூடு பிடித்திருந்தது. ஜனாதிபதி கார்ட்டர், குடியரசுக் கட்சியின் ரீகன், இருவருக்கும் நடுவில் சுயேச்சையாக ஜோன் அன்டர்சன். விவாதத்தை ஒழுங்கு செய்த பெண் வாக்காளர் சங்கம், கருத்துக்கணிப்பில் 15 வீதம் எடுக்கிறவருக்கு இடம் என்று விதி வைத்திருந்தது, அன்டர்சன் அதைத் தொட்டுவிட்டார். மூன்றாவது ஆளோடு முதலில் மேடையேற மாட்டேன் என்று கார்ட்டர் நின்றுகொண்டார். செப்டெம்பர் 21 அன்று பால்டிமோரில் ரீகனும் அன்டர்சனும் மட்டும் விவாதித்தார்கள். வராத ஜனாதிபதிக்கு மேடையில் ஒரு வெறுங்கதிரை போடலாமா என்றுகூடப் பேச்சு இருந்ததாம், கடைசியில் போடவில்லை என்று சேர் சொன்னார்.

"அமெரிக்க ஜனாதிபதியே போகேல்லை, நீ ஏன்டா போறாய்?" இதற்கு மேல் எங்கள் ஆள் வாய் திறக்கவில்லை.

சேர் கதிரைக் கதை சொன்ன வகுப்பில் குடவோலையும் இருந்திருக்கிறான். அதை நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தின் பின்கதவால் எட்டிப் பார்த்தேன். இருபது பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் நூறுக்குக் குறையாமல் இருந்தார்கள், பாதிப்பேர் பகிடி பார்க்க வந்தவர்கள். மேடையில் இரண்டு கதிரை. ஒன்றில் அவன். மற்றது எங்கள் வகுப்புக் கதிரை, ஒரு கால் கொஞ்சம் கட்டை, இருந்தால் ஆடும். அதன் முதுகில் வெண்கட்டியால் எங்கள் ஆளின் முழுப்பெயரையும் முதலெழுத்தோடு எழுதி வைத்திருந்தான். சோழனையும் குடத்தையும் பற்றி அவன் பேசியபோது சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சந்தாக் கேள்வியைக் கதிரையைப் பார்த்துக் கேட்டான், கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். ஒரு நிமிடம் இருக்கும். முதல் பத்து விநாடி சிரிப்பு, பிறகு ஒரு சத்தமும் இல்லை. கலைப்பிரிவும் வர்த்தகப் பிரிவும் இருந்த வாங்குகள் பக்கம் பார்த்தேன், எல்லோரும் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களும் பதில் கேட்கிற மாதிரி.

கதிரை திங்கட்கிழமை எங்கள் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டது. முதுகை யாரும் துடைக்கவில்லை, எங்கள் ஆள் கவனிக்காமல் சாய்ந்து இருந்துவிட்டான். இடைவேளைக்கு எழும்பியபோது அவனுடைய வெள்ளைச் சேட்டின் முதுகில் வெண்கட்டித் தூள், பெயரின் கடைசி எழுத்து தலைமாறி விழுந்த மாதிரி. வெள்ளையில் வெள்ளை, கிட்டப் போனால்தான் தெரியும். வகுப்பே கிட்டப் போய்ப் பார்த்தது.

வென்றோம்தான். ஏழெட்டு வாக்கு விழும் என்று நாங்கள் கணக்குப் போட்ட குடவோலைக்கு நாற்பதுக்குக் கிட்ட விழுந்தது, அவ்வளவுதான். நவம்பர் 4 அன்று கார்ட்டர் தோற்றார். 50 மாநிலத்தில் 44 ரீகனுக்கு. "உம்மட குருவுக்கு என்ன நடந்தது பாத்தீரோ?" என்று சேர் என்னைப் பிடித்தார். நியாயமாகப் பார்த்தால் அன்டர்சனை ஒதுக்கியதால் கார்ட்டர் தோற்கவில்லை. விலைவாசியும் ஈரானில் அடைபட்ட பணயக்கைதிகளும் அவரை ஏற்கெனவே அரைவாசி சாய்த்திருந்தன. இன்னொன்றும் உண்டு: மேடையேறிய பிறகு அன்டர்சனுடைய வீதம் ஏறவில்லை, இறங்கியது, கடைசியில் 6.6. அவரை உயர்த்திவிடக்கூடாது என்று கார்ட்டர் பயந்த மேடை அவரை உயர்த்தவே இல்லை.

அதை வைத்துக்கொண்டு மேடையில் ஆபத்தே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1992இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ரொஸ் பெரோ போட்டியிலிருந்து விலகி ஒக்டோபரில் திரும்பி வந்தபோது கணிப்பில் பத்து வீதத்துக்குள் கிடந்தார், புஷ்ஷோடும் கிளின்டனோடும் மூன்று விவாதத்தில் நின்றார், வாக்கு 18.9 வீதம். 1996இல் அவரை விவாதத்தில் சேர்க்கவில்லை, 8.4. பதினெட்டு வயதில் இந்தக் கணக்கு என் கையில் கிடைத்திருந்தால் என்னைப் பிடித்திருக்க ஏலாது.

அதற்காக எல்லாரோடும் விவாதிக்க வேண்டும் என்று நான் இப்போது மாறிவிடவுமில்லை. நடந்தே இருக்காது என்று நடந்ததை மறுக்கிறவனுக்கு மேடை கொடுத்தால் அவனுக்குத் தேவையானது அப்போதே கிடைத்துவிடும், 'இரண்டு பக்கம் உண்டு' என்ற தோற்றம். யூத இனப்படுகொலையை மறுப்பவர்களோடு விவாதிக்க மாட்டேன் என்று வரலாற்றாசிரியர் டெபரா லிப்ஸ்டாட் கடைசிவரை நின்றார். அப்படி மறுக்கிற எழுத்தாளர் டேவிட் ஏர்விங் அவர்மேல் வழக்குப் போட்டபோது மட்டும் நீதிமன்றத்தில் நின்று, 2000இல் வென்றார். அது வேறு விசயம், அவர் செய்தது சரி.

பிரான்ஸ் அவ்வளவு தெளிவில்லை. 2002 ஜனாதிபதித் தேர்தலில் தீவிர வலதுசாரி லெ பென் யாரும் எதிர்பாராமல் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட, ஜனாதிபதி சிராக் அவரோடு விவாதிக்க மறுத்தார், 82 வீதத்தோடு வென்றார். ஆகா, மறுத்தது சரிதானே என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். 2017இல் லெ பென்னின் மகளோடு மக்ரோன் விவாதித்தார், அந்த இரவு மகள் சொதப்பினார் என்று அவருடைய ஆட்களே ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் 34 வீதம். 2022இல் மறுபடியும் விவாதம், 41க்கு மேல். கதவைச் சாத்தியும் அந்த வாக்குகள் போகவில்லை, திறந்தும் போகவில்லை. லெ பென்னோடு பேசுவதா இல்லையா என்று எல்லோரும் அடிபட்டார்கள், அவருக்கு வாக்குப் போட்டவர்களோடு யார் பேசுவது என்று கேட்டவர்கள் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2004, இலினோய். செனட் தேர்தலில் ஒபாமா எங்கேயோ முன்னால் நின்றார். முதலில் இருந்த போட்டியாளரை ஆறு விவாதத்துக்கு அழைத்தவர், அந்த ஆள் விலகி அலன் கீஸ் வந்ததும் மூன்று போதும் என்றுவிட்டார். முன்னுக்கு நிற்பவரின் கணக்கு எங்கேயும் ஒன்றுதான் பாருங்கள். கீஸ் வேறு மாநிலத்திலிருந்து இறக்கப்பட்டவர், கிறிஸ்து வந்தால் ஒபாமாவுக்கு வாக்களிக்க மாட்டார் என்று சொன்னவர். முடிவு 70க்கு 27. ஆனால் நான் செனட்டுக்குத்தான் நிற்கிறேன், மதகுருவாக அல்ல என்ற ரீதியில் அப்போது சொல்லிச் சமாளித்த பதில் தன்னை உறுத்திக்கொண்டே இருந்தது என்று 2006இல் ஒபாமாவே ஓர் உரையில் ஒப்புக்கொண்டார். 27 வீதக்காரன் கேட்ட கேள்வி 70 வீதக்காரனுக்குள் இரண்டு வருடம் கிடந்திருக்கிறது.

அதை வாசித்தபோதுதான் அந்த ஆடுகிற கதிரை ஞாபகம் வந்தது. வருகிற ஆள் எத்தனை வீதம் என்று பார்த்தேனே தவிர, அவன் கேட்பதை மண்டபத்தில் வேறு எத்தனை பேர் மனதுக்குள் கேட்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. குடத்தில் ஓலை போடுவது அவனுடைய கிறுக்கு, சந்தாக் கேள்வி அப்படியல்ல.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் எங்கள் ஆளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், பின்னால் ஒரே சத்தம். அன்றைக்கு உன்னை மறித்தது பிழை மச்சான், மன்னிச்சுக்கொள் என்றேன். சிரித்தான்.

"அவன்ர கேள்விக்கு என்னட்டைப் பதில் இருந்ததடா. வியாழன் இரவு முழுக்க இருந்து எழுதி, சேட்டுப் பொக்கற்றுக்குள்ள மடிச்சு வச்சிருந்தனான். நீதான் போக விடேல்லை."

நாற்பது வருடத்துக்கு மேல் இதை அவன் எனக்குச் சொன்னதே இல்லை. என்ன பதில் எழுதினாய் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பின்னால் ஒரு பிள்ளை அழுதது.

"மறந்து போச்சு மச்சான்."