வோட்கா வரிசையும் கோர்பசேவும்

சோவியத் காலத்து அரசியல் ஜோக்குகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது வோட்கா வரிசை ஜோக்தான். 1985 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பசேவ் குடிக்கு எதிராகக் களமிறங்கினார். மதியம் 2 மணிக்கு முன்னால் விற்கக் கூடாது, கடைகள் குறைந்தன, விலை ஏறியது, கதவு திறக்கும் முன்பே தெருமுனை வரை கூட்டம். குடிப்பவன் சும்மா இருப்பானா? வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தான், கடைகளில் சர்க்கரை காணாமல் போனது, அப்புறம் டீக்குச் சர்க்கரை தேடியவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

அந்த வோட்கா வரிசையில் ஒருவன் பொறுமையிழந்து, "இருங்கடா, அந்தக் கோர்பசேவைத் தீர்த்துக்கட்டிட்டு வர்றேன்" என்று கிளம்புகிறான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பேசாமல் பழைய இடத்தில் நிற்கிறான். என்னாச்சு என்று கேட்டால், "அங்கே இதைவிடப் பெரிய வரிசை."

ஸ்டாலின் காலத்தில் இப்படி ஒன்றைச் சமையலறையில் சொல்லி, கேட்டவர்களில் யாராவது போட்டுக்கொடுத்தால், அரசுக்கு எதிரான குற்றங்களுக்கான சட்டத்தின் 58வது பிரிவின் கீழ் நேராகக் கட்டாய உழைப்பு முகாம்தான். இந்த ஜோக்கையோ, பதவி போன பிறகு, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து கோர்பசேவே சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்.