402 மீட்டருக்கான எஞ்சினில் நாசில் எங்கே அமர வேண்டும்?

டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல், வெளிக்காற்றைத் தானே உறிஞ்சி ஓடும் எஞ்சினை, 402 மீட்டர் (கால் மைல்) நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள் கேம், பிஸ்டன், கம்ப்ரஷன் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நாசில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் அமர வேண்டும் என்ற கேள்வி மட்டும் கடைசி நேரத்துக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. சேலத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் இளைஞர்கள், "அண்ணா, இன்ஜெக்டரத் தூக்கி மேல வெச்சா பவர் ஏறுங்களா?" என்று கேட்பதுண்டு. ஏறும். ஆனால் அது ஏன் ஏறுகிறது என்பதை அறியாமல் தூக்கி வைத்தால், ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கிடைப்பதைவிடப் புறப்படும் இடத்தில் இழப்பது அதிகமாகிவிடும்.

ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாவதற்குச் சுமார் 350 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது எதிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் நாசிலின் இடம் பற்றிய விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாசில், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வை ஒட்டி இருந்தால், துளிகள் சூடான வால்வின் முதுகிலும், போர்ட் எனும் காற்று வழியின் சுவரிலும் விழுந்து உலோகத்தின் வெப்பத்தால் ஆவியாகின்றன, காற்று குளிர்வதில்லை. நாசில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கு மேலே, காற்று நுழையும் புனல் போன்ற பெல்மவுத்தின் வாய்க்கு நேராக இருந்தால், துளிகள் காற்றோடு நெடுந்தூரம் பயணம் செய்து, காற்றின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொள்கின்றன. மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரவைப்பதும் இதே வழியில்தான். பெட்ரோல் முழுவதும் காற்றிலேயே ஆவியானால், கணக்குப்படி காற்றின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் குறைய வேண்டும். நடைமுறையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். 10 டிகிரி குறைந்தாலே காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். ஆவியான பெட்ரோலும் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் நிகர லாபம் அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் கூட்டிச் சரிக்கட்ட வழியில்லாத எஞ்சினில் அந்தச் சிறு லாபத்தை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 10,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 10,000 சுற்றில்) ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்கு, 12 மில்லி செகண்டுதான் ஆகிறது. கிராங்க் 260 டிகிரி சுழலும் வரை இன்டேக் வால்வு திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அது ஏறத்தாழ 4.3 மில்லி செகண்டு மட்டுமே. முழு த்ராட்டிலில் இன்ஜெக்டர் 80 சதவீத நேரம் திறந்திருந்தால், அது தெளிக்கும் பெட்ரோலில் பாதிக்கு மேல் மூடிய வால்வின் பின்னால்தான் காத்திருக்கிறது. ஆகவே அந்த வேகத்தில் தெளிக்கும் தருணத்தைத் துல்லியமாக வகுப்பதைவிட, துளிகள் கரைவதற்குத் தூரம் கொடுப்பதே பயன் தரும்.

அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் ப்ரோ ஸ்டாக் பிரிவு 2016-இல்தான் கார்புரேட்டரைக் கைவிட்டு மின்னணு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அதுவரை அந்த எஞ்சின்களுக்கு எரிபொருள் மேலிருந்தே வந்தது. நன்றாகச் செட் செய்த கார்புரேட்டர் உச்ச பவரில், வால்வை ஒட்டித் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷனுக்கு ஈடுகொடுத்ததற்கு இந்தக் குளிர்ச்சியும் ஒரு காரணம்.

மேலே இருக்கும் நாசில் குறைந்த ஆர்பிஎம்மில்தான் தொல்லை தரும். காற்றின் வேகம் போதாதபோது துளிகள் சுவரில் படிந்து வழிகின்றன. த்ராட்டிலைத் திடீரென்று திறந்தால் காற்று முந்திக்கொள்ள, பெட்ரோல் பின்தங்கி, எஞ்சின் ஒரு கணம் திணறும். கிளட்ச் விடும் கணத்தில் அந்தத் திணறல் வந்தால் ஓட்டமே போய்விடும். இதற்காகத்தான் ஹோண்டா 2003-ஆம் ஆண்டு சிபிஆர் 600 ஆர்ஆர் பைக்கில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வைத்தது: கீழே இருப்பது எப்போதும் வேலை செய்யும், மேலே இருப்பது வேகம் ஏறிய பிறகு சேர்ந்துகொள்ளும். டிராக் எஞ்சினுக்கும் இந்த ஏற்பாட்டையே நான் பரிந்துரைக்கிறேன்.

கீழ் நாசிலின் சாய்வு சரியா என்பதை வால்வே சொல்லிவிடும். சில ஓட்டங்களுக்குப் பிறகு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, இன்டேக் வால்வின் முதுகை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் படும் இடம் கழுவிவிட்டதுபோல் உலோக நிறத்தில் பளபளக்கும். படாத இடத்தில் பழுப்புக் கசடு ஒட்டியிருக்கும். அந்தப் பளபளப்பு வால்வுத் தண்டைச் சுற்றிப் பரவலாக இருந்தால் சாய்வு சரி. ஒரு விளிம்பில் பிறை போல் ஒதுங்கியிருந்தால் தெளிப்பு சுவரில் மோதுகிறது என்று பொருள். இன்ஜெக்டரைத் தாங்க வெல்டிங் செய்து பொருத்தும் அலுமினிய பாஸின் ஆழமும் இதில் சேரும். நாசிலின் முனை குழிக்குள் அதிகம் உள்வாங்கியிருந்தால், கூம்பாக விரிய வேண்டிய தெளிப்பு குழியின் விளிம்பில் பட்டுப் பெருந்துளிகளாகச் சொட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்றோட்டத்தைக் கெடுக்கும். வெல்டிங்குக்கு முன்பே, இன்ஜெக்டரைத் தற்காலிகமாகப் பொருத்தி, தீப்பொறிக்கு எட்டாத இடத்தில், 3 பார் அழுத்தத்தில் கண்ணாடி ஜாடிக்குள் தெளிக்கவிட்டுக் கூம்பைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ட்யூனிங் செய்யும் ஊரும் கணக்கில் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தின் மே மாத வெயிலில், சூடான காற்றில் பெட்ரோல் எளிதாக ஆவியாவதால் மேல் நாசிலின் பலன் தெளிவாகத் தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் அதைவிட 13 சதவீதம் அளவுக்குக் குறைவு. அங்குள்ள குளிர்ச்சி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டினாலும், எரிபொருளைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டியிருக்கும். ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகள் பந்தயத் தடமல்ல. வேகச் சோதனையை, பவரை அளக்கும் இயந்திரமான டைனோவிலும் இருங்காட்டுக்கோட்டை போன்ற முறையான ஓடுதளத்திலும் மட்டுமே செய்ய வேண்டும்.

கடைசியாக, வால்வை நெடுநேரம் திறந்துவைக்கும் நீண்ட டியூரேஷன் கேம் போட்ட எஞ்சினில் சில ஆர்பிஎம்களில் அழுத்த அலை திரும்பி வந்து, பெட்ரோல் மூட்டத்தை பெல்மவுத்துக்கு வெளியே தள்ளும். மேல் நாசில் வைத்தவர்கள் அந்த மூட்டத்தைத் திறந்த வெளியில் விடாமல் ஏர்பாக்ஸால் மூடி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ஃப்யூவல் ரெயிலின் கசிவு தடுக்கும் ஓ-ரிங்குகளை ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் மாற்றிவிட வேண்டும்.