வார்டிலிருந்து வாடகை வீட்டுக்கு: ஒரு மனநல சமூகப் பணியாளரின் நாட்குறிப்பு

ஜூலை 18, 2023

பதினோராவது வீட்டுக்கு இன்று முன்பணம் கொடுத்தோம். குடிவரப்போகும் நான்கு பெண்களும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்தவர்கள் என்று தெரிந்ததும், முந்தைய பத்து வீட்டுக்காரர்களுக்கும், சொல்லி வைத்தாற்போல, ஊரிலிருந்து உறவினர் குடிவரவிருந்தனர். இந்த வீட்டு அம்மாள் கேட்டது, ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடுமா என்பது மட்டும்தான்.

ஜூலை 24

குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரும் மருத்துவமனையில் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. நால்வரின் கோப்புகளிலும் ஆண்டுதோறும் எழுதப்பட்டிருப்பதோ, 'அழைத்துச் செல்ல ஆளில்லை' என்ற ஒரே வரி.

ஆகஸ்ட் 2

குடிபுகுந்தார்கள். வார்டு வழக்கப்படி மாலை ஐந்தரைக்கே தட்டுடன் வரிசையாக உட்கார்ந்தார்கள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அவர்களில் மூத்தவர் தண்ணீர் குடிக்கவும் என்னிடம் அனுமதி கேட்டார். மாத்திரைகளை மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளர் பிரிவில் வாங்கிவிடலாம். இந்தப் பழக்கத்துக்கு அங்கே மருந்து கிடையாது.

ஆகஸ்ட் 6

2001ஆம் ஆண்டு இதே நாளில்தான், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். அது செய்தாக வேண்டிய வேலைதான். ஆனால் மீட்பு என்பது வார்டின் வாசலோடு முடிந்துவிடுவதாக அன்று நாம் எல்லோருமே நினைத்தோம். இத்தாலியின் த்ரியெஸ்தேயில், 1971 முதல் மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா அங்கிருந்த மனநல மருத்துவமனையின் வார்டுகளைக் காலிசெய்தபோது, நோயாளிகளோடு மருத்துவப் பணியாளர்களும் ஊருக்குள் இடம் மாறினர். இங்கே நோயாளி வெளியேறுகிறார். ஆளும் பணமும் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகின்றன.

ஆகஸ்ட் 13

மூத்தவர் திரும்பிப் போக வேண்டும் என்று அழுதார். வீடு பிடிக்காமல் அல்ல. அடுத்த கட்டிலில் பதினெட்டு ஆண்டுகள் உடனிருந்த தோழி அங்கேயே இருக்கிறார். இடமாற்றத்துக்கான பட்டியலை நோயின் தன்மை பார்த்துத் தயாரித்த நாங்கள், யாருக்கு யார் துணை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பிழை எங்களுடையது.

ஆகஸ்ட் 20

முறுக்குப் பொட்டலத்தோடு தோழியைப் பார்க்க அழைத்துச் சென்றேன். "ராச்சாப்பாடு அங்கே எத்தனை மணிக்கு?" என்று தோழி கேட்டார். "எட்டரை ஆகிவிடுகிறது. நேற்று நான்தான் பருப்பைக் கருகவிட்டேன்" என்றார் இவர். அடுத்த பட்டியலில் முதல் பெயராகத் தோழியின் பெயரை எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் ஐந்தாவது கட்டிலுக்கு இடமிருக்கிறதா என்று நாளை அளந்து பார்க்க வேண்டும்.