எழுத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படும்

கடந்த தை மாதத்தில் சென்னிமலையிலுள்ள என் அம்மாயிக்காக (அம்மாவின் தாய்க்காக) ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். படிவத்தின் தலைப்பு தமிழில் இருந்தது. 'உங்கள் பெயர்', 'தந்தை அல்லது கணவர் பெயர்', 'ஊர்' என்று ஒவ்வொரு கட்டத்தின் மேலும் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த மகிழ்ச்சியில் அம்மாயி என் கைபேசியை வாங்கி, தாமே நிரப்புவதாகச் சொல்லி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தம் பெயரை அடித்தார். அடுத்த கட்டத்துக்குப் போனதும் பெயருக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி தோன்றியது: 'எழுத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படும்.'

"ஏஞ்சாமி, எழுத்தைத்தானே நான் போட்டேன்? என்ற பேரு எழுத்தில்லாம வேற என்னவாமா?" என்று அவர் கேட்டார். நான் கோயம்புத்தூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். அந்தச் சிவப்பு வரி எதனால் வருகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததாலேயே அதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்தப் படிவத்தை உருவாக்கியவர், 'எழுத்து' என்றால் என்ன என்று கணினிக்குச் சொல்ல வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் பெரிய வடிவிலும் சிறிய வடிவிலும் குறித்துவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அந்த வரிசைக்கு வெளியே உள்ள எதுவும் அந்தப் படிவத்துக்கு எழுத்தாகாது. பிறகு வேறு யாரோ தலைப்புகளையும் பிழைச்செய்திகளையும் தமிழாக்கியிருக்கிறார்கள். விதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பவும்' என்று வெளிப்படையாகச் சொல்லும் படிவத்தை நான் இதைவிட மதிக்கிறேன். தமிழில் பெயரைக் கேட்டு, தமிழில் எழுதிய பெயரை எழுத்தே இல்லை என்று தமிழிலேயே மறுப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் பெயரைத் தாமே எழுதிவரும் ஒருவரைத் தலைகுனியச் செய்கிறது.

விதியைக் கொஞ்சம் தளர்த்தியவர்கள் செய்யும் பிழை வேறு வகையானது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்துவைத்திருக்கும் யூனிகோட், அவற்றை வகை பிரித்தும் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் அகர வரிசை உயிர்மெய்யான க, ச, ட போன்றவையும் உயிரெழுத்துகளும் ஆய்தமும்தான் 'எழுத்து' என்னும் வகையில் வருகின்றன. கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவை 'குறி' என்னும் வேறு வகையில் இருக்கின்றன. 'எந்த மொழி எழுத்தானாலும் சரி' என்று நல்ல எண்ணத்தோடு விதி எழுதுபவர் எழுத்து வகையை மட்டும் சொல்லி, குறி வகையைச் சேர்க்க மறந்துவிட்டால், க உள்ளே போகும், கி போகாது. சில அமைப்புகள் மறுப்பதற்குப் பதிலாக, தாம் அறியாத குறிகளைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடுகின்றன. கோபியிலுள்ள என் உறவினர் வீட்டுக்கு நான் அனுப்பச் சொல்லியிருந்த ஒரு பொட்டலத்தின் முகவரித் தாளில் 'கபசசடடபளயம' என்று அச்சாகி வந்தது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும் பிடுங்கப்பட்டிருந்தன. பொட்டலம் அஞ்சல் குறியீட்டு எண்ணின் துணையால்தான் வந்து சேர்ந்தது.

அதே ஊர்ப்பெயரை வைத்து இன்னொரு தொல்லையையும் சொல்லலாம். கோபிச்செட்டிபாளையம் என்பது தமிழில் பத்து எழுத்துகள். அதை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்துகள் ஆகின்றன. அப்படியிருக்க, ஆங்கிலப் பெயர் அடங்கும் கட்டத்தில் தமிழ்ப் பெயர் அடங்காமல் போகிறது. காரணம் எண்ணும் முறையில் இருக்கிறது. யூனிகோடில் குறிகள் தனித்தனி என்பதால் நம் பத்து எழுத்துகள் 19 அலகுகளாகின்றன. இணையத்தில் இன்று பெரும்பாலும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ் அலகும் மூன்று பைட் (கணினியில் இடத்தை அளக்கும் சிறு அளவு) இடம் பிடிக்கிறது. ஆக மொத்தம் 57 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் அந்தப் பதினேழும் 17 பைட்டுக்குள் முடிந்துவிடும். பெயருக்கு ஐம்பது பைட் தாராளம் என்று ஒருவர் முடிவு செய்திருந்தால், அந்த ஊர்ப்பெயர் 'கோபிச்செட்டிபாளை' என்பதோடு நின்று, அடுத்த எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக வந்து நிற்கும். ஐந்தே எழுத்துள்ள பெருந்துறைக்கு 30 பைட் வேண்டும்.

கைபேசிக் குறுஞ்செய்தியிலும் இதே கணக்குதான் நடக்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தியில் தமிழ் நுழைந்துவிட்டால் 70 அலகுகளோடு முடிந்துவிடும். அதிலும் பெருந்துறை என்ற ஒரு சொல்லே பத்தைத் தின்றுவிடும்.

என்னை அதிகமாக அலைக்கழித்தது கொடுமுடி. அந்தப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோவிலின் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை இணையத்தில் ஏற்றும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். பழைய பட்டியல் டிடிபி கடையில் பழைய எழுத்துரு ஒன்றில் அடிக்கப்பட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. புதிய பெயர்களைப் பங்காளிகள் தத்தம் கைபேசியில் அடித்து அனுப்பினார்கள். தேடல் கட்டத்தில் 'கொடுமுடி' என்று கொடுத்தால் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேரின் ஊரும் திரையில் கொடுமுடிதான். கண்ணால் எவ்வளவு பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. விடுபட்டவர்களில் ஒருவர், தம் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "பணம் கொடுத்த பேரையே காணோமுங்க" என்று தொலைபேசியில் கேட்டபோது, அவருடைய குரலில் இருந்த வருத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு வழிகளில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே அலகாகச் சேர்ப்பது ஒரு வழி. ககரத்தோடு ஒற்றைக் கொம்பைச் சேர்த்து, அதன் பின் காலைத் தனியே சேர்ப்பது மற்றொரு வழி. இரண்டும் ஒரே எழுத்து என்று யூனிகோட் தெளிவாகவே வரையறுத்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றி ஒருமைப்படுத்தும் முறையையும் கொடுத்திருக்கிறது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படியே. ஆனால் அந்த ஒருமைப்படுத்தும் வரியைத் தன் நிரலில் எழுதாதவருக்கு, ஒரு கொடுமுடி எட்டு அலகுகள் கொண்ட சொல். மற்றொரு கொடுமுடி ஒன்பது அலகுகள் கொண்ட வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய மென்பொருள் கொம்பையும் காலையும் பிரித்தே வைத்திருந்தது. கைபேசிகள் சேர்த்து எழுதின. கொங்கு என்ற சொல்லுக்கும், கோவைக்கும், ஈரோட்டுக்கும் இதே நிலைதான். ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்ததும் எல்லோரும் பட்டியலில் ஒன்றுசேர்ந்தார்கள். அந்த ஒரு வரியை முதல் நாளே நான் எழுதியிருக்க வேண்டும்.

அந்த வரியாலும் தீராத ஒன்று உண்டு. நொய்யலில் வந்து கலக்கும் கௌசிகா நதியின் பெயரை இணையத்தில் தேடினால், ககரத்தோடு ஒற்றைக் கொம்பும், அதன் பின் 'ள' என்ற முழு எழுத்தும் போட்டு எழுதியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். ஔகாரக் குறியின் வலப் பாதியும் ளகரமும் உருவில் ஒன்றுபோலவே இருப்பதால், எழுதியவருக்கும் படிப்பவருக்கும் உறுத்தாது. கணினிக்கோ அது 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்துகள். ளகரம் தன்னளவில் உண்மையான எழுத்து என்பதால் அதை எந்த விதியும் தானாகத் திருத்தாது. தேடல் அமைப்பவர் நினைவில் வைத்து இரண்டையும் தேட வழி செய்தால்தான் உண்டு.

அகர வரிசையைப் பற்றியும் ஒரு சொல். யூனிகோட் எண்களை அப்படியே வைத்து வரிசைப்படுத்தினால், தமிழ் வரிசையில் கடைசியில் வர வேண்டிய னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வந்து நிற்கும். தமிழுக்குரிய வரிசை விதி தனியே கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சேமிக்கும் இடத்தில் நேரும் கேடுகளில் எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்பதைப் பொதுமக்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பட்டியலை எக்செலில் திறந்ததும், தலையில் சாய்கோடு சுமந்த ஓர் ஆங்கில எழுத்தும், வணிகப் பெயர்களின் ஓரத்தில் வரும் வட்டமிட்ட குறியும் மாறி மாறி வரி முழுவதும் நிறைந்திருந்தால் பதற வேண்டாம். தமிழ் அலகுகள் யாவும் யூடிஎஃப்-8இல் ஒரே பைட்டில் தொடங்குகின்றன. அந்தப் பைட்டை மேற்கத்திய எழுத்தாகத் தவறாகப் படிப்பதால்தான் அதே குறி திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளே தமிழ் அழியாமல் இருக்கிறது. சேமித்துவிடாமல் மூடிவிட்டு, குறியீட்டு முறையைச் சொல்லித் திறந்தால் திரும்ப வந்துவிடும். கேள்விக்குறிகள் அப்படி அல்ல. தமிழை ஏற்காத தரவுத்தளத்தில் தமிழைத் திணித்தால், பெருந்துறை பத்துக் கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெருந்துறையை யாராலும் மீட்க முடியாது. மைஎஸ்க்யூஎல் என்னும் பரவலான தரவுத்தளம், 2018இல் அதன் 8.0 பதிப்பு வரும்வரை, குறிப்பாகச் சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்து முறையையே எடுத்துக்கொண்டது. அதற்கு முன் கவனமின்றி அமைக்கப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகளுக்குள் எத்தனை ஊர்களும் பெயர்களும் வெறும் கேள்விக்குறிகளாகக் கிடக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இதற்கெல்லாம் யூனிகோடையே குறை சொல்பவர்கள் உண்டு. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடைத்திருந்தால் இந்தக் குறிச் சிக்கல் வந்திருக்காது என்பது அவர்கள் வாதம். 2010 ஜூனில் எங்கள் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் உடன் நடந்தது. அந்த நாட்களில்தான் தமிழக அரசு யூனிகோடையும், எழுத்துக்கு ஓர் இடம் கொடுக்கும் டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்றது. அந்த வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே யூனிகோடில் தமிழ் இருக்கிறது; தமிழை முழுமையாகக் கையாளும் வழிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. எழுத்தையும் குறியையும் சேர்த்துச் சோதிக்கும் வசதி, இணையப் படிவங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் 2018ஆம் ஆண்டு வரையறையிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு படிவம் தமிழ்ப் பெயரை மறுத்தால், அது அந்தப் படிவத்தை அமைத்தவரின் கவனக்குறைவுதான்.

என் அம்மாயி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சங்கத்துக்கு நெய்து கொடுத்த போர்வைகளின் கணக்கைத் தம் கையாலேயே நோட்டில் எழுதிவைத்தவர். சென்னிமலை என்று எழுதும்போது, லகரத்தின் முன் துதிக்கை போல வளைத்துப் போடும் பழைய 'லை'யைத்தான் இன்றும் எழுதுகிறார். ஈரோட்டில் பெரியார் நடத்திய 'குடிஅரசு' இதழில் 1935இல் புழக்கத்துக்கு வந்து, 1978இல் அரசாணையால் பொது வழக்கான சீர்திருத்தத்தில் உருமாறிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. அச்சுக் கோப்பவரின் சுமை குறைய வேண்டும் என்பது அந்த மாற்றத்தின் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அம்மாயி புதிய வடிவைத் தடையின்றிப் படிக்கப் பழகிக்கொண்டார். கைபேசியில் அடிக்கவும் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். இயந்திரத்துக்காக இத்தனை தூரம் நடந்து வந்தவரைத்தான் அந்தப் படிவம் எழுத்தறியாதவராக நடத்தியது.

கடைசியில் நான்தான் அவருடைய பெயரை ஆங்கில எழுத்தில் நிரப்பினேன். அவர் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுத ஒருவர் ஒரு வழியையும் மற்றவர் வேறு வழியையும் கைக்கொள்கிறார்கள். இந்த இழுபறி அரசுக்கே இருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வெளியிட்ட ஆணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டதைக் கோயம்புத்தூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் நிரப்பிய எழுத்துக்கூட்டல் ஒன்று. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது மற்றொன்று. தமிழில் இரண்டும் ஒரே பெயர். இப்போது அந்த நிறுவனம், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்குச் சான்று கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

அவர்களுக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டாவது கடிதத்தில், கோபிச்செட்டிபாளையம், பெருந்துறை, இரண்டு வகையாகவும் எழுதிய கொடுமுடி, கௌசிகா ஆகிய சொற்களைக் கொடுத்து, இவற்றைத் தங்கள் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இட்டு, சேமித்து, தேடி, அச்சிட்டுப் பார்க்குமாறு கேட்டிருக்கிறேன். படிவம் அமைக்கும் நண்பர்கள் எவரேனும் இதைப் படித்தால் அவர்களிடமும் அதையே கேட்கிறேன். அரை மணி நேர வேலைதான்.

வரும் திங்கட்கிழமை சான்றுக்காக அம்மாயியை அழைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போகிறோம். விண்ணப்பத்தைத் தாமே எழுதி வைத்துவிட்டதாக நேற்று தொலைபேசியில் சொன்னார்.