பெட்ரோல் வரியில் அந்த 0.1 சென்ட்

அமெரிக்காவில் ஒரு காலன் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கும் வரி 18.4 சென்ட். இதில் 18.3 சென்ட் நெடுஞ்சாலை நிதியத்துக்குச் செல்கிறது. எஞ்சிய 0.1 சென்ட், பூமிக்கடியில் கசியும் எரிபொருள் தொட்டிகளால் கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தப்படுத்துவதற்கென்று 1986-இல் ஏற்படுத்தப்பட்ட தனி நிதியத்துக்கு உரியது. நிலத்தடி நீர் தொடர்பான பணியில் இருக்கும் எனக்கு, இந்தச் சிறு தொகை என்ன ஆகிறது என்பது வெறும் கணக்கு விவகாரமன்று.

1950, 60-களில் பெட்ரோல் பங்குகளில் புதைக்கப்பட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை எந்தப் பூச்சும் இல்லாத இரும்புத் தொட்டிகள். ஈர மண்ணில் அவை துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது யார் கண்ணுக்கும் படவில்லை. கசிந்த பெட்ரோல் மண் வழியே இறங்கி, நீர்மட்டத்தின் மேல் ஒரு படலமாக மிதக்கும். அதிலுள்ள பென்சீன், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அது கரைந்து நீரோட்டத்தோடு பக்கத்துக் கிணறுகளுக்குச் செல்லும். ஆவி மேலெழும்பிப் பக்கத்து வீடுகளின் நிலவறைகளுக்குள்ளும் புகும். குடிநீரில் பென்சீன் நூறு கோடியில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. சிறு கசிவொன்று எவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைக் கெடுக்கும் என்பதை இந்த ஓர் எண்ணே உணர்த்தும்.

பழைய பங்குகளின் ஓரத்தில் தரையோடு தரையாக வட்டமான இரும்பு மூடிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை கண்காணிப்புக் கிணறுகள். மூடியையும் உள்ளிருக்கும் குழாயின் பூட்டையும் திறந்து, குழாய்க்குள் அளவுநாடா ஒன்றை இறக்குவோம். அதன் முனையிலுள்ள உணரி தண்ணீரைத் தொட்டால் விட்டுவிட்டு ஒலிக்கும்; எண்ணெயைத் தொட்டால் நிற்காமல் ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டால் எண்ணெய்ப் படலத்தின் கனம் தெரிந்துவிடும். அந்தப் படலத்தை உறிஞ்சி எடுப்பது, மண்ணைத் தோண்டி அகற்றுவது, மண்ணுக்குள் தேங்கிய ஆவியை இழுத்து வெளியேற்றுவது என்று வழிகள் உண்டு. நிலத்தடி நீரும் கெட்டிருந்தால் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. ஒற்றைப் பெட்ரோல் பங்கை வைத்துப் பிழைப்பவரால் தாங்கக்கூடிய தொகையன்று அது.

1984-இல் நாடாளுமன்றம் இந்தத் தொட்டிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் மண்ணுக்குள் இருந்தன. 1988-இல் வந்த விதிகள் பழைய தொட்டிகளுக்குப் பத்தாண்டு அவகாசம் தந்தன: துருத் தடுப்பும் வழிதல் தடுப்பும் பொருத்த வேண்டும், அல்லது 1998 டிசம்பர் 22-க்குள் மூட வேண்டும். கசிவு நேர்ந்தால் செலவை ஏற்கும் வசதி உண்டென்று உரிமையாளர் காட்ட வேண்டும் என்றும் விதி சொன்னது. காப்பீட்டு நிறுவனங்கள் இந்த ஆபத்தை ஏற்கத் தயங்கியதால், பல மாநிலங்கள் தாமே நிதி தொடங்கி, எரிபொருள்மீது சிறு கட்டணம் வாங்கிச் செலவை ஏற்றன. மாநில நிதியும் எட்டாத இடங்களுக்குத்தான் மத்திய நிதியம்: உரிமையாளர் யாரென்றே தெரியாத, அல்லது தெரிந்தும் கையில் பணமில்லாத இடங்கள். (வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டிகள் இந்த மத்திய விதிகளுக்குள் வருவதில்லை என்பதைப் பழைய வீடு வாங்குவோர் தெரிந்துகொள்வது நல்லது.)

விதி வந்த பிறகும் தாமதத்துக்கு என்ன விலை என்பதைக் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் காட்டியது. காற்று மாசைக் குறைக்கவென்று பெட்ரோலில் கலக்கப்பட்ட எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் தண்ணீரில் எளிதில் கரைவது, எளிதில் சிதையாதது. கசிந்த தொட்டிகளிலிருந்து அது நகரின் கிணறுகளை எட்டியதால், 1996-இல் அந்நகரம் தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை மூடிவிட்டு வெளியிலிருந்து நீர் வாங்க நேர்ந்தது. வழக்குத் தொடுத்து, எண்ணெய் நிறுவனங்களிடம் இழப்பீடு பெற்று, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, முக்கியக் கிணறுகளை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின. வழக்காடும் வசதி அந்த நகரத்துக்கு இருந்தது. நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களுக்கு அது இல்லை.

இந்தச் சிற்றூர்களுக்காகச் சேர்ந்த பணத்தைத்தான் 2012-இல் நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது. போக்குவரத்துச் சட்டமொன்றின் மூலம் 240 கோடி டாலர் தொட்டி நிதியத்திலிருந்து நெடுஞ்சாலை நிதியத்துக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டில் 80,000-க்கும் மேற்பட்ட கசிவிடங்கள் சுத்தப்படுத்தப்படாமல் இருந்தன. 2015-இல் இன்னொரு சட்டம், ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் என மூன்று ஆண்டுகளுக்கு அதையே செய்தது. சாலைகளுக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோல் வரியை 1993-க்குப் பிறகு உயர்த்தத் துணியாதவர்கள், குடிநீரின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பியது நேர்மையான செயலன்று. இந்த 0.1 சென்ட் வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் ஈட்டித் தருகிறது. இப்பணிக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவதோ அதில் பாதியளவே.

ஒழுங்குமுறைப் பக்கத்தில் நிலைமை தேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வையும் பணியாளர் பயிற்சியையும் கட்டாயமாக்கியதோடு, விதி மீறும் தொட்டிக்கு எரிபொருள் நிரப்புவதையே தடைசெய்ய வழிவகுத்தது. கலிபோர்னியாவில் ஆய்வாளர் நிரப்புக்குழாயில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டால், அதன்பின் எந்த டேங்கர் லாரியும் அங்கே இறக்க முடியாது. அபராதத்தைக் கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தவர்களைக்கூட அந்த அட்டை வழிக்குக் கொண்டுவருகிறது. இதுவரை உறுதிசெய்யப்பட்ட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகளில் சுமார் பத்தில் ஒன்பது சுத்தமாகிவிட்டன. மீதமிருப்பவற்றில் பல, பணம் மட்டுமே தீர்க்கக்கூடியவை: கைவிடப்பட்ட பங்குகள், இறந்துபோன உரிமையாளர்கள், திவாலான நிறுவனங்கள். மூடிக்கிடக்கும் பங்கில் சிவப்பு அட்டை கட்டி ஒரு பயனும் இல்லை.

இந்த 0.1 சென்ட் வரி 2028 செப்டம்பர் வரைக்கும் சட்டப்படி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த நீட்டிப்பின்போது, இப்பணத்தை வேறெதற்கும் மாற்றக் கூடாது என்ற ஒரு வாசகமும், ஆண்டு வருவாய் முழுவதும் அந்தந்த ஆண்டே மாநிலங்களுக்கும் பழங்குடி நிலங்களுக்கும் சென்றுசேர வேண்டும் என்ற இன்னொரு வாசகமும் சட்டத்தில் இடம்பெற வேண்டும். இங்கே வாக்குரிமை உள்ள நண்பர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்த இரண்டையும் கேட்டு இப்போதே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.