நிலத்தின் விலை எந்த வரியில் இருக்கிறது?

மூடப்பட்ட தொழிற்சாலை வளாகமோ, பயனற்றுக் கிடக்கும் ரயில் முற்றமோ, சிதைந்துவரும் பழைய குடியிருப்போ எதுவாயினும், ஒரு நகரப் பகுதியை இடித்துக் கட்டும் திட்டம் நகர மன்றத்தின் முன் வரும்போது அது அநேகமாக இரண்டு கோப்புகளாகப் பிரிந்தே வருகிறது. ஒன்று நிலப் பயன்பாட்டுக் கோப்பு. எந்த மனையில் எதைக் கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. மற்றொன்று நிதிக் கோப்பு. சாலை, கழிவுநீர்க் குழாய், வரிச் சலுகை, கடன் பத்திரம் ஆகியவற்றுக்கான பொதுப்பணம் அதில் இருக்கிறது. முதல் கோப்புக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. கட்டடத்தின் உயரம் பற்றியும் வாகன நெரிசல் பற்றியும் அங்கே மணிக்கணக்கில் வாதம் நடக்கும். இரண்டாவது கோப்பு வேறொரு நாளில், வேறொரு குழுவின் முன், அட்டவணைகளும் இணைப்புகளுமாக வந்து அமைதியாக நிறைவேறிவிடும். இத்தகைய ஆவணங்களை ஆர்வத்தால் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் நான் வந்தடைந்திருக்கும் முடிவு இதுதான்: இவை இரண்டும் ஒரே முடிவு, தனித்தனியாகப் பார்க்கும்வரை இரண்டையுமே எடைபோட முடியாது.

இரண்டு மாடிக்கு மட்டும் அனுமதியுள்ள ஒரு மனைக்கு இருபது மாடி அனுமதி வழங்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். கருவூலத்திலிருந்து ஒரு காசு கூட வெளியே போவதில்லை. ஆனால் தீர்மானம் நிறைவேறிய அன்றே அந்த மனையின் விலை பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. உரிமையாளர் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காமல் பெற்ற இந்த உயர்வு பொது அதிகாரத்தால் உண்டானது. பத்து லட்சத்துக்குச் சாலை போட்டால் அதற்குத் தணிக்கை உண்டு. இதற்கோ வரவு செலவுக் கணக்கில் ஒரு பதிவுகூடக் கிடையாது.

இந்த விடுபடல் எங்கே வந்து உறுத்துகிறது என்பதைத் திட்டத்தின் சாத்தியக்கூறு அறிக்கையைத் திறந்தால் காணலாம். வழக்கமாக அதன் ஒரு பக்கத்தில் நில விலை, கட்டுமானச் செலவு, வடிவமைப்பு மற்றும் அனுமதிக் கட்டணங்கள், கடன் வட்டி, கட்டுமான நிறுவனம் எதிர்பார்க்கும் லாபம் ஆகியவை வரிசையாக இருக்கும். மறுபக்கத்தில் விற்பனை அல்லது வாடகை வருமானம் இருக்கும். செலவு வருமானத்தைவிடக் கூடுதலாக இருந்தால் கடைசி வரியில் ஒரு பற்றாக்குறை தோன்றும், அந்தப் பற்றாக்குறையை நிரப்பும்படி நகரத்திடம் கேட்பார்கள். கட்டுமானச் செலவு மிகையாகக் காட்டப்பட்டிருக்கிறதா, லாப விகிதம் நியாயமானதா என்றெல்லாம் ஆராயும் ஆலோசகர்கள்கூட முதல் வரியைப் பெரும்பாலும் கேள்வியின்றிக் கடந்துபோவதுதான் எனக்கு வியப்பு. அந்த நில விலை எப்போது, எந்த அனுமதியை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட விலை? உயர்ந்த கட்டடத்துக்கு அனுமதி வரும் என்ற பேச்சு கிளம்பியதுமே நிலத்தை வைத்திருந்தவர் விலையை ஏற்றியிருப்பார். கட்டுமான நிறுவனம் அந்த ஏற்றிய விலைக்கு வாங்கியிருக்கும். அந்த விலையே செலவாகப் பதிவாகியிருக்கும். அப்படியானால் கடைசி வரியில் தெரியும் பற்றாக்குறையின் ஒரு பகுதி நகரம் தானே உருவாக்கிய நில மதிப்புதான். முதலில் அனுமதியாக ஒருமுறை கொடுத்ததை, பிறகு மானியமாக இன்னொரு முறை கொடுக்கிறோம். கட்டுமான நிறுவனத்தை மட்டும் திட்டித் தீர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பணம் போய்ச் சேரும் இடம், முன்கூட்டியே விற்றுவிட்டுப் போன, எந்தக் கூட்டத்துக்கும் வராத பழைய நில உரிமையாளரின் கணக்காகவும் இருக்கலாம்.

மானியம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அமெரிக்க நகரங்கள் கண்டுபிடித்த விடை 'டேக்ஸ் இன்கிரிமென்ட் பைனான்சிங்' (வரி உயர்வைக் கொண்டு நிதி திரட்டுதல்), சுருக்கமாக 'டிஃப்'. கலிபோர்னியா 1952-ல் இதைத் தொடங்கியது. பின்னர் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. இது இயங்கும் விதம் எளிது. ஒரு பகுதியை வரையறுத்து, அங்குள்ள சொத்துகளின் வரி மதிப்பை அன்றைய அளவில் உறையவைப்பார்கள். பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு), கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்ட நிர்வாகம்), நகராட்சி முதலியவை அந்த அடிப்படை மதிப்புக்கான வரியை மட்டும் தொடர்ந்து பெறும். அதற்கு மேல் உயரும் மதிப்பின் வரி முழுவதும் மறுமேம்பாட்டுக்கென ஒதுக்கப்படும், அல்லது அந்த எதிர்கால வருவாயைக் காட்டி இன்றே கடன் பத்திரம் வெளியிடப்படும். இல்லினாய் மாநிலத்தில் ஒரு டிஃப் மாவட்டத்தின் வழக்கமான ஆயுள் 23 ஆண்டுகள்.

கணக்காகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு பகுதியின் வரி மதிப்பு 10 கோடி டாலர், வரி விகிதம் 1 சதவீதம் என்று கொள்வோம். ஆண்டு வரி 10 லட்சம் டாலர். பத்து ஆண்டுகளில் மதிப்பு 16 கோடியாக உயர்ந்தால், கூடுதல் வரியான 6 லட்சம் டாலர் மறுமேம்பாட்டுக்குப் போகும். திட்டத்தின் ஆதரவாளர்கள் இந்த 6 லட்சத்தையும் திட்டத்தின் விளைவாகவே காட்டுவார்கள். ஆனால் எந்தத் திட்டமும் இல்லாமலேயே அந்தப் பகுதியின் மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்திருக்கும் என்றால், பத்து ஆண்டுகளில் அது 13.4 கோடியைத் தொட்டிருக்கும். அதாவது 6 லட்சத்தில் ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம் எப்படியும் வந்திருக்க வேண்டிய பணம். அதில் பள்ளிகளுக்கும் பிற அமைப்புகளுக்கும் உரிய பங்கு, அவற்றின் அரங்கில் வாக்கெடுப்பு எதுவும் நடக்காமலேயே திசைதிருப்பப்படுகிறது. பல மாநிலச் சட்டங்கள், இந்த உதவி இல்லாவிட்டால் வளர்ச்சி நேர்ந்திருக்காது என்று நகரம் அறிவிக்க வேண்டும் எனக் கோருகின்றன. ஆனால் அறிவிப்பது நகரம், அறிவிப்பால் பயன் பெறுவதும் நகரம் என்னும்போது அந்த நிபந்தனைக்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிஃப் வரையறுக்க, அந்தப் பகுதி 'நலிவுற்றது' என்ற சான்றும் தேவை. அந்தச் சான்று எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்குக் கலிபோர்னியாவின் லங்காஸ்டர் நகரமே உதாரணம். அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த '99 சென்ட்ஸ் ஒன்லி' கடையின் இடத்தைக் கையகப்படுத்தி, பக்கத்திலிருந்த பெரிய அங்காடியான காஸ்ட்கோ விரிவடைவதற்குத் தர நகரத்தின் மறுமேம்பாட்டு அமைப்பு முனைந்தது. காஸ்ட்கோ வெளியேறிவிட்டால் வருங்காலத்தில் அப்பகுதி நலிவுறக்கூடும் என்பது அவர்கள் வாதம். 2001-ல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதை நிராகரித்தது. இன்னும் வராத நோய்க்கு இன்றே அறுவை சிகிச்சை என்பதை நீதிமன்றத்தாலும் ஏற்க முடியவில்லை.

கலிபோர்னியாவில் டிஃப் முறை பெரிதாக வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1978-ல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய '13-ஆம் முன்மொழிவு' சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டது. வருவாயைத் தேடி அலைந்த நகரங்கள், பள்ளிகளுக்கும் கவுண்டிகளுக்கும் போகும் வரியைத் தம்பக்கம் திருப்ப மறுமேம்பாட்டுப் பகுதிகளை விரித்துக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் மாநிலத்தின் மொத்தச் சொத்து வரியில் சுமார் 12 சதவீதம் இந்த அமைப்புகளிடம் போனது. பள்ளிகள் இழந்ததை மாநிலக் கருவூலம் ஈடுகட்ட வேண்டியிருந்தது. நிதி நெருக்கடியின் நடுவே ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2011-ல் இவற்றைக் கலைக்க முன்மொழிந்தார், அதற்கான சட்டமும் நிறைவேறியது. மாநில உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் அந்தச் சட்டத்தை உறுதி செய்ய, 2012 பிப்ரவரி 1 அன்று சுமார் 400 அமைப்புகள் கலைந்தன. ஆனால் கூடவே போனதையும் சொல்ல வேண்டும்: அந்த அமைப்புகள் தம் வருவாயில் 20 சதவீதத்தைக் குறைந்த வருமானத்தினருக்கான வீடுகளுக்கு ஒதுக்கக் கடமைப்பட்டிருந்தன, அந்த நிலையான நிதியும் ஒரே நாளில் நின்றுபோனது.

நிலத்தைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்லி நிதியைப் பற்றிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டனைப் பார்க்க வேண்டும். மருந்து நிறுவனமான ஃபைசர் அருகே ஆராய்ச்சி வளாகம் அமைப்பதை ஒட்டி, ஃபோர்ட் ட்ரம்புல் பகுதியின் வீடுகளைக் கையகப்படுத்தி விடுதி, அலுவலகம், குடியிருப்புகள் கட்ட நகரம் திட்டமிட்டது. வேலைவாய்ப்பும் வரி வருவாயும் பெருகுவதே பொதுப் பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-ல், கீலோ வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கிடைத்தது, கட்டடம் வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டுமான நிறுவனத்தால் முதலீடு திரட்ட முடியவில்லை. 2009-ல் ஃபைசரும் வெளியேறுவதாக அறிவித்தது. வீடுகள் அகற்றப்பட்ட நிலம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. இந்தத் தீர்ப்புக்கு எதிராக நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் முன், கட்டப்போகிறவரிடம் உறுதியான கடன் ஒப்பந்தம் கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்ற எளிய பாடத்தைத்தான் மறந்துவிட்டார்கள்.

இதற்கு மாறான வழிகளும் நடைமுறையில் இருக்கின்றன. ஹாங்காங்கில் ரயில் நிறுவனமான எம்டிஆர், நிலையங்களுக்கு மேலும் சுற்றிலும் கட்டும் உரிமையை, ரயில் வராத நிலையில் அந்த நிலத்துக்கு என்ன மதிப்போ அதற்கான கட்டணத்தைச் செலுத்தி அரசிடமிருந்து பெறுகிறது. பிறகு கட்டுமான நிறுவனங்களிடம் ஏலம் விட்டு லாபத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறது. ரயிலால் உண்டாகும் விலை உயர்வே ரயில் பாதையின் செலவுக்கு உதவுகிறது. நிலம் ஏறத்தாழ முழுவதும் அரசுக்குச் சொந்தமாகி, குத்தகைக்கு விடப்படும் இடத்தில் இது எளிது. தனியார் நிலத்தில் இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. பிரேசிலின் சாவ் பாவ்லோ தனியார் நிலத்திலேயே வேறொரு வழி கண்டது. 2001-ல் நாடு முழுமைக்கும் வந்த 'நகரச் சட்டத்தின்'படி, குறிப்பிட்ட பகுதிகளில் கூடுதல் தளப்பரப்புக் கட்டும் உரிமையைச் 'செபாக்' என்னும் சான்றிதழ்களாக்கி நகரமே ஏலத்தில் விற்கிறது. கிடைக்கும் பணத்தை அதே பகுதியின் பணிகளுக்கே செலவிட வேண்டும். இங்கே அனுமதிக்கு ஒரு விலை கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சந்தை சூடாக உள்ள இடத்தில்தான் சான்றிதழ் விற்கும். உண்மையிலேயே நலிந்த பகுதிக்கு இந்த முறையால் பெரிய பயன் இல்லை.

கலிபோர்னியா 2014-ல் இயற்றிய புதிய சட்டத்தில், வளரும் வரியை உள்கட்டமைப்புக்குப் பயன்படுத்தும் மாவட்டங்களை மீண்டும் அனுமதித்தது. இம்முறை பள்ளிகளின் பங்கைத் தொட முடியாது. கவுண்டி போன்ற பிற அமைப்புகள் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாயின் தாமே தீர்மானம் நிறைவேற்றி இணைய வேண்டும். இதனால் பணம் முன்போல் விரைவாகச் சேர்வதில்லை என்று நகர நிர்வாகிகள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பங்கு கொடுக்க வேண்டிய கவுண்டி நிதி அலுவலர் சாத்தியக்கூறு அறிக்கையை வாங்கி, முதல் வரியிலுள்ள நில விலை எப்போது கொடுக்கப்பட்டது என்று கேட்கும் வாய்ப்பு இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது என்பதால், எனக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை.