மண்டையோட்டின் உள்பக்கம்

கும்பகோணத்தில் நர்சிங் மாணவிகளுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். மண்டையோட்டைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் கண்குழியைத்தான் பார்ப்பார்கள். நான் மேல்மூடியைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவச் சொல்வேன். பக்கவாட்டில் மெல்லிய பள்ளங்கள் கிளைவிட்டு ஓடும். மூளையுறைத் தமனி அழுந்திய தடம் அது.

மூளை அழுகிப் போய்விடும், அதன் உருவம் எலும்பில் தங்கிவிடும். சுவாமிமலையில் மெழுகு உருகி ஓடிய பிறகும் மண் அச்சுக்குள் சிலையின் வடிவம் நிற்குமே, அப்படி. முன்பெல்லாம் உள்ளே லேட்டக்ஸ் ரப்பர் ஊற்றி வார்ப்பு எடுப்பார்கள். இப்போது சி.டி. ஸ்கேன் இருக்கிறது. கல்லாகிப்போன ஓட்டுக்குச் சேதமில்லாமல் உள்வெளியைக் கணினியில் நிரப்பி, திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

என்னை மிகவும் அசைத்தது மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த ஆதி மனித மண்டையோடுகள்தான். சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழசு. மூளையின் அளவு அப்போதே நம்முடையதை எட்டிவிட்டது. வடிவம் மட்டும் நீளவாக்கில் இருக்கிறது. நம் உருண்டை வடிவம் படிப்படியாகப் பின்னால்தான் வந்தது என்கிறது 2018-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு. மூளை பெரிதானதுதான் மனிதப் பரிணாமம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அழிந்துபோன நியண்டர்தால் மனித இனத்துக்கும் பெரிய மூளைதானே?

சரி, நம் நாட்டுக்கும் ஒன்று உண்டு. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-ல் கிடைத்த மண்டையோடு. அடுத்த வகுப்பு அதைப் பற்றித்தான்.